கல்லூரி வளாகத்தின் கட்டடங்களையும் சிலைகளையும் பதிவு செய்வது எப்படி? குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். மாணவராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். தினமும் கடந்து போகிற ஓட்டுக் கட்டடம் எப்போது கட்டியது? வாசலில் நிற்கிற மார்பளவுச் சிலை யாருடையது, அதைச் செய்த சிற்பி யார்? கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் கிடைக்காது. விவரம் தெரிந்த பழைய ஊழியர் ஓய்வு பெற்றதும் அந்த விவரமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்த கோடை விடுமுறையில் கருங்கல் தூணுக்கு எனாமல் பெயிண்ட் ஏறும், அடிக்கல் மேல் டைல்ஸ் ஒட்டப்படும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அங்கே இருப்பது என்ன என்று எழுதி வைக்காததால்தான் இப்படி நடக்கிறது.

எழுதி வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. முஞ்சிறைக்குப் பக்கத்தில் உள்ள பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் பெருமாள் கோயிலும் அதோடு ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்பது அந்நாளைய கல்விக்கூடம். 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், தங்கிப் படிக்க அதில் ஏற்பாடு இருந்தது. முஞ்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் மாற்றிக் கொடுத்து இந்த இடத்தைப் பெற்ற விவரமும் செப்பேட்டில் இருக்கிறது. இன்று சாலை இல்லை, கோயில் மட்டும் நிற்கிறது. இருந்தும் எத்தனை பேர் படித்தார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. நம் காலத்துக் கல்லூரிகளில் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மாடியைப் பற்றி இவ்வளவு சொல்ல முடியுமா?

இந்த வேலைக்குக் கட்டடக்கலைப் பட்டம் வேண்டாம். நாலைந்து பேர், ஒரு நோட்டு, சில சனிக்கிழமைக் காலைகள் இருந்தால் போதும்.

முதலில் அனுமதி

முதல்வருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுங்கள். யார் யார் வருகிறீர்கள், எந்த நாட்களில், எதையெல்லாம் படம் எடுப்பீர்கள், படங்களை என்ன செய்வீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். விடுதிகளின் உட்பகுதியும் தேர்வு அறைகளும் இதில் வராது என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பாதித் தயக்கம் அதிலேயே தீர்ந்துவிடும். பொறுப்பாசிரியர் ஒருவரின் கையெழுத்தும் இருந்தால் வாட்ச்மேன் உங்களை ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது. ட்ரோன் எண்ணம் வேண்டாம்.

கையில் வேண்டியவை: ஐந்து மீட்டர் அளவு டேப், டார்ச், சின்னக் காந்தம், பென்சில், குடை. திசை பார்க்க மொபைல் போதும்.

படம் எடுக்காமல் ஒரு சுற்று

முதல் நாள் மொபைலைப் பையில் போட்டுவிட்டு மதில் ஓரமாக முழு வளாகத்தையும் சுற்றி வாருங்கள். கையால் ஒரு வரைபடம் போடுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. வடக்கு எது, வாசல்கள் எங்கே, கிணறு எங்கே, பெரிய மரங்கள் எங்கே என்று குறித்துக்கொண்டு கட்டடங்களுக்கு எண் கொடுங்கள். ‘மெயின் பிளாக்’, ‘ஓல்டு பிளாக்’ என்ற பெயர்கள் பத்து வருடத்தில் இடம் மாறிவிடும். எண் மாறாது.

மரங்களையும் விடாதீர்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. ஒரு கட்டடத்தின் மேற்குச் சுவர் இப்போது வெயிலில் வெந்துகொண்டிருக்கிறதென்றால், அங்கே முன்பு நின்ற மரம் போயிருக்கலாம். அடிக்கட்டை தெரிகிறதா என்று பாருங்கள்.

கட்டடத்தைக் கூரையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

எல்லோரும் முகப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். நம் ஊரில் அது சரியான வழி இல்லை என்பது என் எண்ணம். குமரி மாவட்டத்துக்கு எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. இரண்டு பருவ மழையும் கிடைக்கிற மண்ணில் பழைய கொத்தனாரும் ஆசாரியும் முதலில் யோசித்தது கூரையைப் பற்றித்தான். அதனால் நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது, இறவானம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பாருங்கள். மழை பெய்யும்போது வராந்தாவில் நில்லுங்கள். தூவானம் எதுவரை வருகிறது? பழைய ஓட்டுக் கட்டடமென்றால் பெரும்பாலும் வகுப்பறைச் சுவர் நனையாது, வராந்தாவின் வெளி ஓரம் மட்டும் நனையும். பின்னாளில் ஒட்டுப்போட்ட கான்கிரீட் கட்டடத்தில் சன்ஷேடுக்குக் கீழே சுவர் கறுத்திருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் மற்றது எல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

மாவட்டத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மழை அதிகம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் குறைவு, ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று பலமாக இருக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். உங்கள் கல்லூரி எந்தப் பக்கம் இருக்கிறது, ஜன்னல்கள் காற்று வரும் திசைக்குத் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்று எழுதுங்கள்.

ஓடு மாற்றும் வேலை நடந்தால் விடாதீர்கள். இறக்கி அடுக்கிய மங்களூர் ஓடு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் அழுத்தி எழுதியிருக்கும், சிலவற்றில் ஊர் பெயரும் ஆண்டும்கூட இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். பிறகு கேரளக் கரையெங்கும் ஓட்டுத் தொழிற்சாலைகள் வந்தன. ஓட்டில் இருக்கிற ஆண்டு கட்டடத்தின் ஆண்டு ஆகிவிடாது, ஓடு இடையில் மாற்றியதாக இருக்கலாம். ஆனாலும் நல்ல துப்பு. ஒரே கூரையில் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தால் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுவர். பூச்சு உதிர்ந்த இடத்தைத் தேடுங்கள், உள்ளே கருங்கல்லா செங்கல்லா வெட்டுக்கல்லா என்று தெரியும். பழைய சுவரில் சுண்ணாம்புக் காரை இருக்கும். அதற்கு ஈரத்தை வாங்கி வெளியே விடுகிற குணம் உண்டு. அதன் மேல் சிமெண்ட் பூசினாலோ எண்ணெய் பெயிண்ட் அடித்தாலோ ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மழைக்குள் பொக்கு பொக்காக உதிரும். ‘பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பழமை அதற்குக் காரணம் இல்லை, மேலே அடித்த பெயிண்ட்தான் காரணம். உங்கள் நோட்டில் இதை அழுத்தமாகவே எழுதுங்கள்.

1960களிலும் 70களிலும் கட்டிய கான்கிரீட் கட்டடங்களை யாரும் பாரம்பரியம் என்று மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகு பல கல்லூரிகள் முளைத்த காலம் அது. மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி 1964, நாகர்கோவில் ஹோலி கிராஸ் கல்லூரி 1965. காற்றும் வெளிச்சமும் வரத் துளைவிட்ட சிமெண்ட் ஜாலி வைத்த மாடிப்படிச் சுவர், மொசைக் தரை, வெளியே நீட்டிய சன்ஷேட், இவையெல்லாம் அந்தத் தலைமுறைக் கொத்தனார்களின் கைவேலை. ஜாலி ஒவ்வொன்றின் வடிவத்தையும் நேராக நின்று படம் எடுங்கள். மாலை நாலு மணிக்கு அந்த நிழல் படிக்கட்டில் விழுகிற நேரத்தில் எடுத்தால் வடிவம் துல்லியமாகத் தெரியும்.

அடிக்கல்லில் ஆண்டு கண்டுபிடிக்க

இங்கே கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் குமரி மாவட்டத்துக் கற்களில் ஆண்டு மூன்று விதமாக இருக்கும்.

ஆங்கில ஆண்டு இருந்தால் சிக்கல் இல்லை. பழைய கற்களில் திருவிதாங்கூர் காலத்தில் வழங்கிய கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணியில் தொடங்குகிறது. கல்லில் உள்ள மாதம் ஆவணி முதல் மார்கழித் தொடக்கத்துக்குள் என்றால் 824ஐக் கூட்டுங்கள், தை முதல் ஆடி வரை என்றால் 825. கொல்லம் 1090 புரட்டாசி என்றால் 1914. அதே 1090இல் சித்திரை என்றால் 1915. மார்கழியின் பின்பாதி ஜனவரிக்குள் விழும், அப்போது தேதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எண்கள் தமிழிலேயே இருந்தால் ௲௯௰ என்பது 1090. மலையாள எழுத்தில் இருந்தால் அது தெரிந்த ஆசிரியர் ஒருவர் எப்படியும் வளாகத்தில் இருப்பார். பிற்காலக் கற்களில் திருவள்ளுவர் ஆண்டு வரும், அதில் 31ஐக் கழித்தால் சரியாக இருக்கும்.

ஆண்டே இல்லாத கல்லையும் கைவிட வேண்டாம். அரசின் பெயரையோ திறந்து வைத்தவரின் பதவியையோ பாருங்கள். திருவிதாங்கூர் மகாராஜா, திவான் என்று இருந்தால் 1949 ஜூலைக்கு முன். திருவிதாங்கூர்-கொச்சி மந்திரி என்றால் 1949 ஜூலைக்கும் 1956 அக்டோபர் முடிவுக்கும் இடையில். சென்னை மாநில அமைச்சர் என்றால் 1956 நவம்பர் 1க்குப் பின், 1969 ஜனவரி நடுவுக்கு முன். தமிழ்நாடு அரசு என்றால் அதற்குப் பிறகு. கல்லூரியைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் அதுவும் உதவும். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது 1937இல், மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல்.

எழுத்து தேய்ந்திருந்தால் சாக்பீஸ், மஞ்சள், எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். காலை ஏழு எட்டு மணி வெயிலில் போய்ப் பாருங்கள். அது முடியாவிட்டால் சாயங்காலம் இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து, இல்லவே இல்லை என்று நினைத்த எழுத்தும் எழும்பி வரும். இடது, வலது, மேல் என்று மூன்று பக்கமும் ஒளியை மாற்றி மூன்று படம் எடுங்கள். கல்லில் இருப்பதை இருக்கிறபடியே, வரிக்கு வரி, எழுத்துப் பிழையோடு நோட்டில் எழுதுங்கள். தேய்ந்த இடத்தில் புள்ளி வையுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

இதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். 1777இல் இறந்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்லில் தமிழும் லத்தீனும் உண்டு. அந்தக் காலத் தமிழ் எழுத்தமைப்புக்குக் கண் பழகும்.

சிலைகள்

ஒவ்வொரு சிலையையும் நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள். பலகையில் இருப்பவர்கள் பெரும்பாலும் திறந்து வைத்தவரும் நன்கொடை கொடுத்தவரும். சிற்பியின் பெயர் இருந்தால் பின்பக்கம், அடி ஓரத்தில் சின்னதாக இருக்கும். மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் அலுவலகத்தில் பழைய விழா மலர், வரவு செலவு ரசீது, அழைப்பிதழ் ஆகியவற்றில் தேடுங்கள். சிற்பியின் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் இந்த முழு வேலையிலும் மிகவும் மதிப்புள்ள காரியம் என்று நான் நம்புகிறேன்.

எதில் செய்தது என்று அறியத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வெண்கலமென்றால் பீடத்தில் பச்சைக் கறை வழிந்திருக்கும். கருங்கல்லில் மடிப்புகளுக்குள் உளி பட்ட தடம் தெரியும். ஃபைபரென்றால் காது, தோள் ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு ஓடும். சிமெண்ட் சிலையில் மயிரிழை விரிசலும் அதிலிருந்து காவி நிறக் கறையும் வரும். அந்தக் காவி நிறம் வந்துவிட்டால் உடனே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துப் பருத்துச் சிமெண்டை வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கடற்காற்றில் உப்பு இருப்பதால் நம் பக்கம் இது சீக்கிரம் நடக்கும். பெயிண்டுக்கு அடியில் என்ன உலோகம் என்று சந்தேகமா? காந்தத்தை மெதுவாக வைத்துப் பாருங்கள். இரும்பென்றால் ஒட்டும், வெண்கலமென்றால் ஒட்டாது.

உப்புக்காற்று எவ்வளவு வேலை வைக்கும் என்பதற்குக் கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையே உதாரணம். வை. கணபதி ஸ்தபதி வடித்து, 2000 ஜனவரி 1இல் திறந்தது. 38 அடி பீடமும் 95 அடிச் சிலையுமாக 133 அடி. முழுக்கக் கருங்கல்தான், என்றாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை சாரம் கட்டி, காகிதக் கூழைப் பூசிக் கல்லில் ஏறிய உப்பை உறிஞ்சி எடுத்து, பிறகு ரசாயனப் பூச்சு கொடுக்கிறார்கள். காகிதக் கூழ் ஈரத்தோடு ஒட்டிக் காயும்போது உப்பு கல்லை விட்டுக் கூழுக்குள் வந்துவிடும். கல்லைச் சுரண்டாமல் செய்கிற பக்குவமான வேலை. உங்கள் கல்லூரிச் சிலையைக் கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் கொண்டு ஒருவர் தேய்க்க வந்தால் இதைச் சொல்லித் தடுக்கலாம்.

வெண்கலச் சிலைக்குத் தங்க நிற பெயிண்ட் அடிப்பது இன்னொரு கொடுமை. கண்ணிமை, உதட்டோரம், வேட்டி மடிப்பு என்று சிற்பி நுணுக்கமாகச் செய்த எல்லாவற்றையும் பெயிண்ட் நிரப்பிவிடும். இரண்டு மூன்று கோட் ஏறினால் முகமே வேறு ஆளாகிவிடும். பெயிண்ட் அடிக்கும் முன்னால் எடுத்த படம் ஒன்று கையில் இருந்தால் வாதாடுவது எளிது. அதற்காகவே முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுத்து வையுங்கள்.

கல் சிலை உங்களுக்குப் பிடித்திருந்தால் கல் சிற்பிகளின் ஊரான மயிலாடிக்குப் போய்வாருங்கள். நாகர்கோவிலிலிருந்து பக்கம்தான். பட்டறையில் ஆசாரிகள் வேலை செய்யும்போது கல் தூசி பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூசி வராத பக்கமாக நில்லுங்கள். வேலை நடுவில் கேள்வி கேட்காமல் டீ நேரத்தில் கேளுங்கள். கல்லைத் தட்டி அதன் நாதத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதை உங்கள் காதால் கேட்கலாம். கல்லூரி வரலாற்றுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. ரிங்கல்தௌபே பாதிரியார் 1809இல் மயிலாடியில் தொடங்கிய பள்ளியிலிருந்துதான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் கதை தொடங்குகிறது. சார்லஸ் மீட் 1818இல் அதை நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார், 1893இல் அது கல்லூரியானது.

ஒப்பிட்டுப் பார்க்க எங்கே போவது

உங்கள் வளாகத்தை ஓரளவு பார்த்து முடித்த பிறகே வெளியே போங்கள். முதலில் பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலைக்குப் பக்கம், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை, திங்கட்கிழமை விடுமுறை. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மர விதானத்தில் 90 பூக்கள் செதுக்கியிருப்பார்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இராது. அதை ரசித்துவிட்டு மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குப் போய்ச் சாய்ந்த மரச்சட்டங்களுக்கு முன்னால் நில்லுங்கள். வெயில் உள்ளே வராது, காற்று வரும். அப்புறம் குனிந்து தரையைப் பாருங்கள். சுண்ணாம்பு, கருக்கிய சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெருகேற்றிய கறுப்புத் தரை. வராந்தா, முற்றம், சாய்சட்டம் ஆகிய மூன்றில் உங்கள் கல்லூரியில் எது இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

ஒரு நாள் கிடைத்தால் திருவனந்தபுரம் உள்ளூரில் இருக்கிற வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைப் பாருங்கள், முன் அனுமதியோடு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970களின் தொடக்கத்தில் கட்டியது. பூசாத செங்கல், செங்கல்லிலேயே ஜாலி, மரத்தை வெட்டாமல் வளைந்து போகிற சுவர். குறைந்த செலவில் ஒரு கல்வி வளாகம் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க முடியும் என்பது அங்கே நடந்து பார்த்தால் புரியும்.

பெரியவர்களிடம் கேட்பது

தோட்டக்காரர், பழைய அட்டெண்டர், கேன்டீன் நடத்தியவர், ஓய்வு பெற்ற நூலகர். ‘இது எந்த வருஷம் கட்டினது?’ என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. ‘அண்ணாச்சி, நீங்க வேலைக்குச் சேந்தப்ப இந்த இடத்துல என்ன இருந்துச்சு?’ என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். ஆண்டு வேண்டுமென்றால், சுனாமிக்கு முன்னாலயா பின்னாலயா, வள்ளுவர் சிலை திறந்த சமயமா என்று கேளுங்கள். 2004, 2000 என்ற இரண்டு முளைகள் அதிலேயே கிடைத்துவிடும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபாருங்கள். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பதிவு நோட்டு

ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எண், பெயர், இடம், பொருள், அளவு, காலம், இன்றைய நிலை, படங்களின் எண். இவற்றோடு ‘எப்படித் தெரியும்?’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். கல்லில் இருக்கிறதா, ரசீதில் இருக்கிறதா, ஒருவர் சொன்னதா? சொன்னதென்றால் அப்படியே எழுதுங்கள். பின்னால் வருகிறவர் எதை நம்பலாம், எதைத் தேட வேண்டும் என்பதை அந்த வரிதான் காட்டும்.

ஒவ்வொரு பொருளையும் எங்கே நின்று படம் எடுத்தீர்கள் என்று வரைபடத்தில் குறியுங்கள். மழை முடிந்து ஜனவரியில் அதே இடத்தில் நின்று மறுபடியும் எடுங்கள். விரிசல் வளர்ந்திருந்தால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நோட்டின் ஒரு பிரதி நூலகத்துக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. இதோடு இன்னொரு தாளும் தயார் செய்யுங்கள், நடைமுறையில் அதிகம் பயன்படுவது அதுதான். ‘பெயிண்ட் அடிக்கக் கூடாதவை’ என்று தலைப்பிட்டு, கருங்கல் தூண்கள், அடிக்கற்கள், வெண்கலச் சிலைகள், சுண்ணாம்புச் சுவர்கள் எல்லாவற்றையும் கட்டட எண்ணோடும் சிறு படத்தோடும் ஒரே பக்கத்தில் போடுங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு நேரே ‘சுண்ணாம்பு மட்டும் அடிக்கலாம்’ என்று எழுதுங்கள். ஏப்ரல் மாதம், விடுமுறை வேலைக்கு ஒப்பந்தக்காரர் வருவதற்கு முன்பே, அதை முதல்வரிடமும் பராமரிப்பைப் பார்க்கிற ஊழியரிடமும் நேரில் கொடுங்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிற வருடமென்றால் இன்னும் முன்னதாக, வெள்ளையடிப்பு பற்றிய பேச்சு எழும்போதே கொடுத்துவிடுங்கள். வேலை தொடங்குகிற அன்று காலையில் போய், பெயிண்ட் அடிக்க வந்திருக்கும் அண்ணன்மாரிடம் அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு இடத்தையும் கூடவே நடந்து காட்டுங்கள்.